நோபு (நியூயார்க் உணவகம்)

நோபு என்பது அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில் உள்ள டிரைபெக்கா என்னும் இடத்தில் 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உணவகம் ஆகும். ஜப்பானிய முறையில் அறுத்துப் பரிமாறப்படும் மீனைத் தென்னமெரிக்க நாடான பெருவின் மிளகாய், எலுமிச்சை, கொத்தமல்லி ஆகியவற்றோடு சேர்த்து வழங்கியது இதன் தனித்தன்மை. ஆசியக் கலப்புச் சமையல், அதாவது 'ஏசியன் ஃபியூஷன்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் உணவு வகைக்கு எடுத்துக்காட்டாக முதலில் சொல்லப்படும் உணவகங்களுள் இதுவும் ஒன்று. இதை நிறுவியவர்கள் சமையற்கலைஞர் நொபுயுகி மட்சுஹிசா, நடிகர் ராபர்ட் டி நீரோ, உணவக உரிமையாளர் ட்ரூ நீப்பொரன்ட், திரைப்படத் தயாரிப்பாளர் மெய்ர் டெப்பர் ஆகியோர். சமையற்கலைஞரின் பெயரிலுள்ள முதல் இரண்டு எழுத்துகளே உணவகத்தின் பெயராயின.

இரண்டு நாட்டுப் பொருள்களை ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று யாரோ திட்டமிட்டதால் இந்தச் சமையல் பிறந்துவிடவில்லை. பிழைப்புத் தேடி நாடு நாடாகச் சென்ற ஒருவருக்குச் சென்ற இடங்களில் கிடைத்தவை, கிடைக்காமல் போனவை, அங்கே உண்ண வந்தவர்கள் உண்ண மறுத்தவை ஆகியவற்றிலிருந்து அது சிறிது சிறிதாக உருவானது. ஆகவே நோபுவின் வரலாறு நியூயார்க்கிற்கு வெகு தொலைவில், ஜப்பானில் தொடங்குகிறது.

தோக்கியோவிலிருந்து லீமா வரை

நொபுயுகி மட்சுஹிசா 1949ஆம் ஆண்டு தோக்கியோவிற்கு வடக்கே உள்ள சைத்தாமா மாகாணத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை விபத்தில் இழந்தார். அண்ணன் ஒருமுறை சுஷிக் கடைக்கு அழைத்துச் சென்றதும், அங்கே கண்ட பரபரப்பும் மணமும் தன்னைச் சுஷிக் கலைஞராக்கின என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். பள்ளிப் பருவம் முடிந்ததும் தோக்கியோவின் ஷிஞ்ஜுக்குப் பகுதியில் மட்சுயெய் என்ற சுஷிக் கடையில் சேர்ந்தார்.

ஜப்பானில் சுஷி பழகுவது என்பது நம் ஊரில் தச்சு வேலையோ பொற்கொல்லர் வேலையோ பழகுவது போன்றது. சேர்ந்த அன்றே கையில் கத்தியைக் கொடுத்துவிட மாட்டார்கள். பாத்திரம் கழுவ வேண்டும், கடை பெருக்க வேண்டும், விடியலில் முதலாளியோடு மீன் சந்தைக்குப் போய்க் கூடை சுமக்க வேண்டும். மீனின் கண்ணையும் செவுளையும் பார்த்தே அதன் தரத்தை அறிய வேண்டும். சாதத்தில் வினிகர் எவ்வளவு, எந்தச் சூட்டில் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் கண்ணால் பார்த்தே கற்க வேண்டியவை. அந்தக் கடையில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவர் பணியாற்றினார். பிற்காலத்தில் அவர் எத்தனை மரபுகளை மீறினாலும், மீறுவதற்கு முன் மரபைக் கைவரப் பெற்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்தக் கடைக்கு வழக்கமாக வந்த வாடிக்கையாளர்களுள் பெருவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒருவர் இருந்தார். அவருடைய அழைப்பை ஏற்று 1973ஆம் ஆண்டில், தம் 24ஆம் வயதில், மட்சுஹிசா பெருவின் தலைநகரான லீமாவிற்குச் சென்று அங்கே கூட்டாக ஓர் உணவகத்தைத் தொடங்கினார்.

பெருவில் ஜப்பானியர் எப்படி வந்தனர் என்ற கேள்வி எழலாம். 1899ஆம் ஆண்டில் சகுரா மாரு என்ற கப்பலில் 790 பேர் கரும்புத் தோட்டங்களில் கூலி வேலை செய்வதற்காக அந்நாட்டில் வந்திறங்கினர். தென்னமெரிக்காவிற்கு நிகழ்ந்த ஜப்பானியப் பெருங்குடியேற்றத்தின் தொடக்கம் அதுவே. தோட்ட வாழ்வின் கொடுமை தாங்காமல் பலர் நகரங்களுக்குச் சென்று முடிதிருத்தும் நிலையங்கள், மளிகைக் கடைகள், சிற்றுண்டிச் சாலைகள் என்று தொழில் தொடங்கினர். இரண்டாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 1,800 பேர் பெருவிலிருந்து பிடித்து அனுப்பப்பட்டு அமெரிக்க முகாம்களில் அடைக்கப்பட்டனர். இத்தனைக்கும் பிறகு அங்கேயே நிலைத்துவிட்டவர்களின் சமையல் இன்று நிக்கெய் சமையல் எனப்படுகிறது. மட்சுஹிசா சென்று சேர்வதற்கு வெகு காலம் முன்பே சோயாச் சாறும் பெருவின் மிளகாயும் லீமாவின் வீட்டு அடுக்களைகளில் சந்தித்துவிட்டன. நோபுவைப் பற்றி எழுதுவோர் பலர் இந்தத் தோட்டக் கூலிகளின் பங்கை ஒரு வரியில் கடந்துவிடுவது முறையன்று.

பெருவின் தேசிய உணவாகக் கருதப்படும் செவிச்சே என்பது பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி சேர்த்து உண்பது. எலுமிச்சையின் புளிப்பு மீனின் புரதத்தை மாற்றுவதால், நெருப்பில் வைக்காமலேயே சதை வெண்மையாகி இறுகும். முன்பு மீனை மணிக்கணக்கில் ஊறவைப்பது வழக்கம் என்றும், ஜப்பானியரின் பழக்கத்தால்தான் அந்த நேரம் சில நிமிடங்களாகக் குறைந்தது என்றும் கூறுவர். இதன் உறவினன் போன்றது திரடித்தோ. இதில் மீனைச் சஷிமி போல் மெல்லிய வில்லைகளாக அறுத்து, பரிமாறும் நேரத்தில் மட்டும் புளிப்பும் காரமும் கலந்த சாற்றை ஊற்றுவர். வெங்காயம் சேர்ப்பதில்லை.

தோக்கியோவில் மீனுக்குச் சோயாச் சாறும் வசாபியும் போதும் என்று பழகியிருந்த இளைஞருக்கு இவை புதிய உலகம். அவருக்குத் தேவையான ஜப்பானியப் பொருள்கள் பல லீமாவில் எளிதாகக் கிடைக்கவில்லை. மீனுக்கோ குறைவில்லை. பெருவின் கரையை ஒட்டி ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் உலகின் வளமிக்க மீன்வளப் பகுதிகளில் ஒன்று.

ஆனால் அதே கடலில் ஒரு பெரும் சரிவும் அப்போது நிகழ்ந்துகொண்டிருந்தது. அளவுமீறிப் பிடித்ததாலும் எல் நினோ என்ற கடல் வெப்பமாற்றத்தாலும், 1970இல் ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டிய பெருவின் நெத்திலி வகை மீன்பிடிப்பு, 1973இல் ஏறத்தாழ 20 லட்சம் டன்னாக வீழ்ந்தது. அந்த மீன் பெரும்பாலும் கால்நடைத் தீவனத்திற்கு அரைக்கப்பட்டது என்பதால் லீமாவின் உணவு மேசைகள் அதை உடனே உணரவில்லை. கடல் வற்றாது என்ற நம்பிக்கை பொய்த்த அதே ஆண்டில்தான் இந்த உணவகக் கதையும் தொடங்கியது.

தீயும் மறுதொடக்கமும்

தரமான மீனுக்காகச் செலவைப் பொருட்படுத்தாத மட்சுஹிசாவிற்கும் லாபத்தைக் கருதிய பங்குதாரருக்கும் ஒத்துவரவில்லை. மூன்று ஆண்டுகளில் லீமாவை விட்டு அகன்றார். அர்ஜென்டினாவில் சிறிது காலம் இருந்தார். அங்கே மக்கள் மாட்டிறைச்சிப் பிரியர்கள். மீனுக்கு மதிப்பில்லை. பின்னர் ஜப்பானுக்குத் திரும்பினார். அதன்பின் 1977இல் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் உள்ள ஆங்கரேஜ் நகரில், கடன் வாங்கி ஒரு புதிய உணவகத்தைத் திறந்தார். திறந்து சில வாரங்களே ஆன நிலையில், நவம்பரில் அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நவிலல் நாளன்று, அது தீப்பிடித்து முற்றிலும் எரிந்துபோனது. கையில் ஒன்றுமில்லை, கடனோ மிகுதி. உயிரை மாய்த்துக்கொள்ளவும் எண்ணியதாகவும், மனைவியும் பெண் குழந்தைகளுமே தன்னைத் தடுத்தனர் என்றும் அவர் பலமுறை வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

அடுத்து அவர் சென்ற இடம் லாஸ் ஏஞ்சலஸ். பிறருடைய ஜப்பானிய உணவகங்களில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே கடனை அடைத்தார். இந்த நிலை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1987 ஜனவரியில் பெவர்லி ஹில்ஸ் பகுதியின் லா சியெனகா சாலையில் மட்சுஹிசா என்ற சிறிய உணவகத்தைத் தம் பெயரிலேயே தொடங்கினார்.

நோபுவின் புகழ்பெற்ற உணவுகளில் பல உண்மையில் இந்தச் சிறிய இடத்தில் உருவானவை. அவற்றுள் ஒன்று 'புதுமுறைச் சஷிமி'. வாடிக்கையாளர் ஒருவர் பச்சை மீன் வேண்டாமென்று தட்டைத் திருப்பி அனுப்பினார். அழகாக அறுத்த மீனைக் குப்பையில் போட மட்சுஹிசாவிற்கு மனம் வரவில்லை. இஞ்சி, பூண்டு, சோயாச் சாறு ஆகியவை சேர்த்த அந்த மீனின் மேல் ஆலிவ் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் நன்கு சூடாக்கி ஊற்றினார். மேல்பகுதி மட்டும் சுருண்டு வெந்தது. உள்ளே மீன் பச்சையாகவே இருந்தது. வாடிக்கையாளர் முழுவதும் உண்டுவிட்டார். தாளித்துக் கொட்டும் பழக்கமுள்ள நமக்கு இந்த உத்தி வியப்பாக இராது. ஆனால் அன்றைய சுஷி உலகில் இது துணிச்சல்.

மற்றொன்று மிசோ சேர்த்த பிளாக் காட். மிசோ என்பது சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் செய்யும் விழுது. மீனை மிசோவில் ஊறவைத்துச் சுடுவது ஜப்பானில் பழைய முறை. மட்சுஹிசா அதில் சர்க்கரையின் அளவைக் கூட்டி, அரிசி மதுவோடு காய்ச்சிய இனிப்பு மிசோவில் மீனை இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, மேற்புறம் கருகிப் பளபளக்கும்வரை சுட்டார். பிளாக் காட் என்று பெயர் இருந்தாலும் அது காட் இனத்தைச் சேர்ந்ததன்று. வட பசிபிக் ஆழ்கடலில் வாழும் கொழுப்பு மிகுந்த வேறொரு மீன். அன்று அமெரிக்காவில் அதற்குப் பெரிய மதிப்பில்லை, விலையும் குறைவு. கொழுப்பு மிகுதியால் சுட்டாலும் உலராமல் இதழ் இதழாகப் பிரியும் என்பதை அறிந்தே அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். இன்று அதே மீன் உயர்விலை மீன்களுள் ஒன்று. மலிவான மீனை அரிதாக்கியதில் இந்த உணவுக்கும் பங்குண்டு.

ஹமாச்சி என்ற மீனின் வில்லைகள்மேல் ஹலப்பேன்யோ மிளகாய் வளையங்களை வைத்துத் தருவதும் இந்தக் காலத்தது. மெக்சிகோவின் அந்த மிளகாய் லாஸ் ஏஞ்சலஸில் எந்தக் காய்கறிக் கடையிலும் கிடைக்கும். லீமாவில் கற்ற பாடம் இங்கே வேறு மிளகாயோடு தொடர்ந்தது.

நான்கு ஆண்டுக் காத்திருப்பு

பெவர்லி ஹில்ஸ் ஹாலிவுட்டுக்கு அருகில் உள்ளது. திரைத்துறையினர் மட்சுஹிசாவிற்கு வரத் தொடங்கினர். 1988ஆம் ஆண்டில் இயக்குநர் ரோலண்ட் ஜாஃபேயுடன் ராபர்ட் டி நீரோ வந்தார். பிளாக் காட் அவருக்குப் பிடித்துப்போனது. நியூயார்க்கில் கூட்டாக ஓர் உணவகம் திறக்கலாம் என்று அவர் கேட்டார். டிரைபெக்காவுக்கு அழைத்துச் சென்று இடத்தையும் காட்டினார்.

டிரைபெக்கா என்பது 'கனால் தெருவுக்குக் கீழுள்ள முக்கோணம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். ஒரு காலத்தில் வெண்ணெய், முட்டை, காய்கறி மொத்த வணிகக் கிடங்குகள் நிறைந்த பகுதி. வணிகம் வெளியேறியபின் காலியான மாடிகளில் 1970களில் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்குக் குடியேறினர். ட்ரூ நீப்பொரன்ட் 1985இல் இங்கே மோன்றாஷே என்ற பிரெஞ்சு உணவகத்தைத் திறந்தபோது, இரவில் ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் யார் வருவார்கள் என்ற ஐயம் இருந்தது. 1990இல் டி நீரோவும் நீப்பொரன்டும் சேர்ந்து பழைய காப்பித் தொழிற்சாலைக் கட்டடத்தில் டிரைபெக்கா கிரில் என்ற உணவகத்தைத் தொடங்கினர்.

மட்சுஹிசா முதலில் மறுத்துவிட்டார். லீமாவில் பங்குதாரரால் பட்ட அனுபவமும் ஆங்கரேஜில் எரிந்துபோன கடையும் அவர் நினைவில் இருந்தன. பெவர்லி ஹில்ஸ் கடையே இன்னும் காலூன்றவில்லை என்பது அவர் கருத்து. டி நீரோ வற்புறுத்தவில்லை. வழக்கம்போல் வந்து உண்டுவிட்டுப் போனார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டார். இவ்வளவு காலம் பொறுத்திருந்தவரை நம்பலாம் என்று மட்சுஹிசா இணங்கினார். கூட்டுத் தொழில்களில் முதலீட்டைவிடப் பொறுமை பெரிதாக வேலை செய்த அரிய நிகழ்வு இது எனலாம்.

1994இல் ஹட்சன் தெருவும் ஃபிராங்க்ளின் தெருவும் சந்திக்கும் முனையில், 105 ஹட்சன் என்ற முகவரியில் நோபு திறக்கப்பட்டது. உள்வடிவமைப்பைச் செய்தவர் கட்டடக்கலைஞர் டேவிட் ராக்வெல். காகித விளக்கும் மூங்கில் தட்டியும் வைத்தால் ஜப்பானிய உணவகம் என்ற பழைய பாணியை அவர் தவிர்த்தார். பிர்ச் மரங்களைப் போன்ற தூண்களும், ஆற்றுக் கூழாங்கற்கள் பதித்த சுவரும் அந்த இடத்திற்கு அடையாளமாயின. அடுக்களையின் பொறுப்பில் இருந்தவர் மசஹாரு மொரிமோட்டோ. இவர் பின்னர் 'அயர்ன் செஃப்' என்ற ஜப்பானியத் தொலைக்காட்சிப் போட்டியால் புகழ்பெற்றார். 2004இல் மும்பையின் தாஜ்மகால் பேலஸ் விடுதியில் திறக்கப்பட்ட வசாபி உணவகம் இவருடைய பெயரைத் தாங்கியது. அவ்வகையில் டிரைபெக்கா அடுக்களையின் ஒரு கிளை இந்தியா வரை நீண்டது.

1995இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை நோபுவை அமெரிக்காவின் சிறந்த புதிய உணவகமாகத் தேர்ந்தெடுத்தது. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் விமர்சகர் ரூத் ரைஷல் மூன்று நட்சத்திரங்கள் வழங்கினார். உயர்தர உணவகம் என்றாலே பிரெஞ்சு உணவகம் என்று எண்ணிய ஒரு நகரில், மேசைவிரிப்புகூட இல்லாத ஓர் ஆசிய உணவகத்திற்கு இந்த மதிப்புக் கிடைத்தது சிறிய செய்தியன்று. முன்பதிவு கிடைப்பது மிகக் கடினமானதால், முன்பதிவின்றி வருவோருக்காக 1998இல் பக்கத்திலேயே 'நெக்ஸ்ட் டோர் நோபு' திறக்கப்பட்டது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் வீழ்ந்த உலக வர்த்தக மையம் இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருந்தது. டிரைபெக்கா முழுவதும் முடங்கியது. அப்பகுதிக்கு மீண்டும் மக்களை வரவழைக்கும் நோக்கத்தோடு டி நீரோவும் அவருடைய கூட்டாளிகளும் 2002இல் தொடங்கியதே டிரைபெக்கா திரைப்பட விழா.

'கலப்பு' என்ற சொல்

தம் உணவைக் கலப்புச் சமையல் என்று அழைப்பதை மட்சுஹிசா விரும்புவதில்லை. அடிப்படை ஜப்பானிய முறையே, அதன்மேல் தாம் வாழ்ந்த ஊர்களின் பொருள்கள் வந்து சேர்ந்தன என்பது அவர் நிலைப்பாடு. 1983இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் வுல்ஃப்கேங் பக் திறந்த ஷின்வா ஆன் மெயின் உணவகத்தை இதனோடு ஒப்பிடலாம். ஆஸ்திரியாவில் பிறந்து பிரெஞ்சுச் சமையல் பயின்ற ஒருவர், சீனச் சுவையைத் தம் சமையலுக்குள் விரும்பிக் கொண்டுவந்தது அது. மட்சுஹிசாவிடம் நிகழ்ந்தது வேறு. அவர் லீமாவைத் தேடிப் போகவில்லை. வேலை அவரை அங்கே கொண்டுபோனது.

தூய சமையல் என்று ஒன்று உண்டா என்பதே ஐயத்திற்குரியது. ஜப்பானின் அடையாளமாகக் கருதப்படும் தெம்புரா 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அதே நூற்றாண்டில் அதே போர்த்துக்கீசியரின் கப்பல்கள்தான் தென்னமெரிக்க மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன் நம் குழம்பின் காரம் மிளகிலிருந்து வந்தது. மிளகாய் என்ற பெயரிலேயே மிளகு ஒளிந்திருக்கிறது. மாலை நேரத் தள்ளுவண்டியில் விற்கும் கோபி மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும், எல்லாமே கலப்புதான் என்று சொல்லிவிட்டு எதையும் எதோடும் கலக்கலாம் என்று முடிவுகட்டுவதும் பொருந்தாது. நோபுவின் வெற்றிக்குப்பின் பல நகரங்களில் முளைத்த 'ஏசியன் ஃபியூஷன்' கடைகளில் தாய்லாந்து, வியட்நாம், சீனா, ஜப்பான் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாவற்றின் மீதும் ஒரே இனிப்புச் சாற்றை ஊற்றிய நிலை ஏற்பட்டது. கற்றுக்கொண்டு மீறுவதற்கும், கற்காமலே கலப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாக்கு எளிதில் கண்டுகொள்ளும்.

நீலத்துடுப்புச் சூரை

1997இல் லண்டனில் மெட்ரோபாலிட்டன் விடுதியில் நோபு திறக்கப்பட்டது. அது மிச்சலின் நட்சத்திரமும் பெற்றது. நோபுமீது எழுந்த கடுமையான குற்றச்சாட்டும் அங்கேதான் வெடித்தது. சுஷிக்கு மிக உயர்ந்ததாகக் கருதப்படுவது நீலத்துடுப்புச் சூரை. அட்லாண்டிக் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் அளவின்றிப் பிடிக்கப்பட்டு அதன் எண்ணிக்கை சரிந்து வந்தது. அழிவின் விளிம்பிலுள்ள மீனை விற்கலாமா என்று கிரீன்பீஸ் அமைப்பு கேட்டது. 2009இல் வெளிவந்த 'தி எண்ட் ஆஃப் தி லைன்' என்ற ஆவணப்படம் நோபுவைப் பெயர் சொல்லியே விமர்சித்தது. லண்டன் நோபு உணவுப் பட்டியலிலிருந்து அந்த மீனை எடுக்கவில்லை. அது சூழலியல் நோக்கில் ஆபத்திலுள்ள இனம், வேறு மீன் வேண்டுவோர் பணியாளரைக் கேட்கலாம் என்ற குறிப்பை மட்டும் பட்டியலில் அச்சிட்டது. ஆபத்து என்று தானே எழுதிவிட்டு அதே வரியில் விலையையும் எழுதிய அந்தச் செயல் பலரின் கண்டனத்துக்கு உள்ளானது இயல்பே.

2010 மார்ச்சில் தோஹாவில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் இந்த மீனின் உலக வணிகத்தைத் தடைசெய்ய மொனாக்கோ முன்மொழிந்தது. ஜப்பான் கடுமையாக எதிர்த்ததால் அது தோற்றது. ஆனால் மீன்பிடி அளவு கடுமையாகக் குறைக்கப்பட்டது. அதன் பயனாக 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையை 'அழிவாய்ப்பு' நிலையிலிருந்து விடுவித்தது. மீனைக் காத்தது பிடிப்பு வரம்பு. உணவகங்களின் மனமாற்றம் அதில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

இன்றைய நிலை

நோபு என்ற பெயரில் இன்று ஐந்து கண்டங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உணவகங்கள் இயங்குகின்றன. 2013இல் லாஸ் வேகஸில் முதல் நோபு தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஒருவரின் கையையும் நாக்கையும் நம்பி வளர்ந்த சமையல் இத்தனை இடங்களில் ஒரே தரத்தில் இருக்க முடியுமா என்று விமர்சகர்கள் கேட்பதுண்டு. செய்முறை அளவுகளை எழுதி வைப்பதாலும், மூத்த கலைஞர்களை ஊர் ஊராக அனுப்புவதாலும் ஓரளவு இது சமாளிக்கப்படுகிறது.

தொடக்கத்தில் கிடங்குகளின் இடமாக இருந்த டிரைபெக்கா, நியூயார்க்கின் மிக விலையுயர்ந்த குடியிருப்புகளில் ஒன்றாக மாறிவிட்டது. ஓவியர்களால் அங்கே வாடகை கொடுக்க முடியவில்லை. 2017இல் நோபுவும் ஹட்சன் தெருவை விட்டு வெளியேறி, 195 பிராட்வேயில் முன்பு ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் தலைமையகமாக இருந்த பழைய கட்டடத்திற்கு மாறியது. புதிய இடத்தையும் வடிவமைத்தவர் ராக்வெல்லே. மிசோ சேர்த்த பிளாக் காட் அங்கும் பட்டியலில் உள்ளது.